கிளிப்பச்சைச் சேலைக்கு வெளியே ஒரு முயல்

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டை ஒட்டிய கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டியிருந்தார்கள். அவற்றில் கிளிப்பச்சைச் சேலைக்கு வெளிப்பக்கம், காடு தொடங்குகிற இடத்தில், ஒரு காட்டு முயல் பின்னங்கால்களில் எழுந்து நின்றது.

வீடு மேட்டில் இருக்கிறது. கொல்லை கீழே சரிந்து போகிறது. அதனால் ஜன்னலில் நின்றால் சேலைகளுக்கு மேலாக எனக்கு எல்லாம் தெரியும். கண்புரை எடுத்த பிறகு தூரத்துப் பொருள்தான் எனக்கு நன்றாகத் தெரிகிறது. கையில் இருக்கிற பொருள்தான் தகராறு.

காற்றில் சேலை உப்பியது. முயல் இரண்டு தாவல் பின்வாங்கியது. சேலை அடங்கியது. முயல் மறுபடி முன்னே வந்து மூக்கை ஆட்டி ஆட்டி மோந்தது. இடப்பக்கம் கொஞ்ச தூரம் ஓடி, திரும்பி, அதே கிளிப்பச்சைக்கு வந்து நின்றது.

"சரோஜா, இங்கே வந்து பாரேன். முயலுக்கு உன் சேலை பிடித்துவிட்டது" என்று மனைவியைக் கூப்பிட்டேன்.

"நீங்க எடுத்துக் குடுத்த சேலை. அதுக்காவது புடிச்சிதே" என்றாள் சமையலறையிலிருந்து.

இருட்டும் வரை முயல் நின்றது. பிறகு எப்போது போனது என்று தெரியவில்லை. அது ஏன் நின்றது என்று நான் யோசிக்கவில்லை. வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான்.

வெள்ளை முயல் வேறு

போன வாரம் இந்தப் பத்தியில் நான் மலைக்கு வந்து சேர்ந்த கதையை எழுதி முடித்தபோது, வாசகர்கள் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் ஏதாவது எழுதலாமே என்று சரோஜா சொன்னாள். எனவே இந்த வாரம் பிள்ளைகள் மடியில் உட்கார்ந்து கேட்கட்டும். பெரியவர்கள் வாசித்துக் காட்டட்டும்.

பிள்ளைகளே, கூண்டில் கேரட் தின்னும் சிவப்புக் கண் முயலை மறந்துவிடுங்கள். ஜவ்வாது மலையில் இருப்பது காட்டு முயல். காய்ந்த புல்லின் நிறம். பிடரியில் மட்டும் யாரோ மைக் கையைத் துடைத்த மாதிரி ஒரு கறுப்பு. வாலுக்கு மேலேயும் கறுப்பு. வளை தோண்டத் தெரியாது, அல்லது தோண்டப் பிடிக்காது. புல்லைக் கொஞ்சம் அழுத்தி, உடம்பு கொள்கிற அளவுக்கு ஒரு குழி செய்து அதில் படுத்துக்கொள்ளும். அதுதான் வீடு. கதவு இல்லை, கூரை இல்லை. இதை நினைத்து நான் கவலைப்பட்டிருக்கிறேன். முயல் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

என்னைப் பற்றியும் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. இந்த மலையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தேன். ஊருக்கு நான் கம்பவுண்டர். ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. ஆயுள் முழுக்க மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிய விரல் சும்மா இருக்காது. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கொடியில் துணியை எண்ணுவேன். தோசையை எண்ணினால் மட்டும் சரோஜாவுக்குக் கோபம் வரும்.

முயல் புழுக்கையையும் எண்ணியிருக்கிறேன். ஒரே இடத்தில் நாற்பத்தொன்று. மிளகைவிடப் பெரிது, கொஞ்சம் தட்டை, உள்ளே வெறும் புல் தூள். அது காய்ந்த வகை. இன்னொரு வகை இருக்கிறது. அது மெத்தென்று ஈரமாக வரும். அதைத் தரையில் விடாமல் முயலே குனிந்து வாயால் எடுத்து மறுபடி தின்றுவிடும். முதல் தடவை சாப்பாட்டில் எடுக்காமல் விட்ட சத்தை இரண்டாம் தடவை எடுத்துக்கொள்கிறது.

இதைச் சாப்பிடும் நேரத்தில் சரோஜாவிடம் விளக்கினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

திறந்த கண்ணோடு தூக்கம்

முயலின் நாள் நம் நாளுக்குத் தலைகீழ். வெயில் ஏறும்போது அது படுக்கப் போகிறது. போகிற வழியைப் பாருங்கள். நேராகப் போகாது. கொஞ்ச தூரம் போய், வந்த தடத்திலேயே திரும்பி வந்து, நடுவில் ஓரிடத்தில் பக்கவாட்டில் ஒரே தாவு தாவி வேறு பக்கம் போய்விடும். மோந்துகொண்டு வருகிற நரிக்கு, தடம் அந்தரத்தில் அறுந்துபோகும். அப்புறம்தான் படுக்கை.

படுத்தால் காதுகளை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணை முழுக்க மூடாது. தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று தெரியாது. ஒரு கல்லென்று நினைத்து அருகே போனேன் ஒரு நாள். கல்லின் பக்கவாட்டில் என்னையே பார்க்கும் ஒரு கண் இருந்தது. நான் நின்றேன். அதுவும் அசையவில்லை. செருப்பு மண்ணில் உரசியதும் கல் எழுந்து ஓடியது. எனக்குத்தான் படபடப்பு அடங்க நேரமானது.

மாலையில் எழுந்து முதலில் சோம்பல் முறிக்கும். முன்னங்கால் நீட்டி, பிறகு பின்னங்கால் நீட்டி. முன்னங்காலை நாக்கால் நனைத்து முகம் கழுவும். காதைக் கீழே இழுத்து, கைக்குட்டை துவைப்பது போலக் கழுவும். பிறகு தூசியில் புரளும். இத்தனை நேரம் கழுவிவிட்டு ஏன் புழுதியில் புரள வேண்டும் என்று கேட்காதீர்கள். உங்கள் அம்மாக்களும் உங்களைப் பார்த்து இதைத்தான் கேட்கிறார்கள்.

விளையாட்டும் உண்டு. மழை விட்ட ஒரு மாலையில் இரண்டு முயல்கள் எதிரெதிரே நின்று முன்னங்கால்களால் பட்பட்டென்று அடித்துக்கொண்டன. சண்டை என்று பயந்தேன். ஒன்று ஓடியது, மற்றது துரத்தியது. வட்டமாக ஓடி, துரத்தியது முன்னாலும் ஓடியது பின்னாலுமாக மாறியது. அப்புறம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று புல் தின்றன. சண்டையா, ஆட்டமா, கல்யாணப் பேச்சா, எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

பஸ்ஸுக்கு முன்னால் ஓர் ஓட்டம்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் இருந்த காலம். திருப்பத்தூரிலிருந்து விடியலில் ஏறும் முதல் பஸ். மலைப்பாதை வளைவில் ஒரு முயல் விளக்கு வெளிச்சத்துக்குள் வந்து விழுந்தது. பஸ்ஸுக்கு முன்னால் நேராக ஓடியது. இடப்பக்கம் சரிவு, வலப்பக்கம் புதர். எந்தப் பக்கமும் திரும்பாமல் சாலை நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். முயலும் குறைத்தது. பின்னாலிருந்து ஒருவர், "இன்னா டிரைவரே, மொசலுக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்றார்.

"அது நம்மளுக்கு வழி காட்டுது, கம்முனு வாங்க" என்றார் ஓட்டுநர். அப்புறம் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தார். பஸ் முழுக்க அமைதி. வெளியே சாம்பல் நிறத்தில் விடிந்துகொண்டிருந்தது. மறுபடி விளக்கைப் போட்டபோது சாலை காலியாக இருந்தது.

இரண்டு பக்கமும் திறந்திருந்தபோது ஏன் அது விலகவில்லை? வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இருட்டு அதற்குச் சுவர் மாதிரித் தெரிந்திருக்குமோ? இதைப் பற்றி அந்த வாரம் முழுக்க யோசித்தேன். மருத்துவர்கூட, "கம்பவுண்டர் சார், மாத்திரையைப் பார்த்துக் குடுங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இருபத்து மூன்று சேலைகள்

சேலை வேலிக்கு வருவோம்.

கொல்லை குப்பம்மாவுடையது. எங்களுக்குப் பக்கத்து வீடு. கணவர் பெங்களூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். குப்பம்மா ஒண்டியாகச் சாமையும் புளியும் பார்த்துக்கொண்டு, இந்த முறை புதிதாக மல்லாட்டை போட்டிருந்தாள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். காய் முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றிக்கு மண்ணுக்குள்ளிருந்தே வாசம் போய்விடும். ஒரு கூட்டம் இறங்கினால் கொல்லையை உழுதுவிட்டுப் போகும். அப்புறம் பிடுங்குவதற்கு ஒன்றும் இருக்காது.

அதற்குத்தான் சேலை. குச்சி நட்டு, பழைய சேலைகளை நீளவாக்கில் சுற்றிக் கட்டிவிடுவார்கள். மனித வாசமும், காற்றில் ஆடும் துணியும் சேர்ந்து பன்றியைத் தயங்கவைக்கும். வழக்கமாகச் சேலை பற்றாது. அதனால் தரைக்கும் சேலைக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி விட்டுத் தூக்கிக் கட்டுவார்கள்.

இந்த முறை சரோஜா பீரோவைக் காலி செய்தாள். குப்பம்மாவிடம் இருந்தது ஒன்பது, சரோஜா கொடுத்தது பதினான்கு. ஆக இருபத்து மூன்று. தாராளமாக இருந்ததால் குப்பம்மா அந்த இடைவெளியை மறைத்து அடியில் இன்னொரு வரிசையும் கட்டி, தரையில் புரண்ட கரைகளின் மேல் வரிசையாகக் கல் வைத்துவிட்டாள்.

"போன வருசம் சாமைக்குள்ள குட்டிப் பன்னிங்க அடியால பூந்துட்ச்சி. இந்த வாட்டி பூனகூட பூராது" என்றாள்.

சரோஜா வேலியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இது உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது. இது ஒரே தண்ணியில சாயம் போன நைலெக்ஸ். இந்தக் கிளிப்பச்சைய ஒரு நாள்தான் கட்டினேன். உங்க ஆஸ்பத்திரில எல்லாரும் என்னையே பாத்தாங்க."

அந்தக் கிளிப்பச்சைதான் கீழ்ப்பக்கம், காட்டைப் பார்த்து நின்றது. வேலி கட்டி முடித்த அன்று மாலைதான் நான் முதலில் சொன்ன முயல் வந்து அதற்கு வெளியே நின்றது.

கல் குவியலுக்குப் பக்கத்தில்

மறுநாள் காலை குப்பம்மா களை பார்க்கப் போனவள், கொல்லை நடுவிலிருந்து குரல் கொடுத்தாள். மலைக் கொல்லைகளில் உழும்போது கிடைக்கும் கற்களை ஓரிடத்தில் குவித்து வைப்பார்கள். அந்தக் குவியலைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது. நாங்கள் போனபோது அவள் முந்தானையில் எதையோ ஏந்தியிருந்தாள்.

முயல் குட்டி. உள்ளங்கை அளவு. கண் திறந்திருந்தது, உடம்பு முழுக்க முடி, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு.

"இன்னொண்ணும் அங்கியே கீது. ஆத்தாக்காரி உட்டுட்டுப் போய்ட்டா போல" என்றாள் குப்பம்மா. "வூட்டுக்கு எடுத்துப்போயி ஆட்டுப்பாலு குடுக்கலாமா?"

நான் விரலை அதன் மார்பில் வைத்தேன். நாடி பார்த்துப் பழகிய விரல்தான். ஆனால் அந்தத் துடிப்பை எண்ண முடியவில்லை. ஒன்று என்று சொல்வதற்குள் பத்து போய்விடுகிறது.

"வேண்டாம் குப்பம்மா. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போனால் இத்தனூண்டு உடம்பு தாங்காது. வனத்துறை ஆள் பார்த்தாலும் பதில் சொல்ல வேண்டும். மூச்சுக்குழலில் பால் ஏறிவிட்டால் என்ன செய்வது? நம்மிடம் இருப்பது பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லர்தான்."

"ஒரு வாய்லயே நாலு நோவு சொல்லிட்டாரு" என்றாள் குப்பம்மா.

சரோஜா கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து சாயங்காலம் பச்சச் சேலைகிட்ட நின்னுதுன்னு சொன்னீங்களே, அது இதுங்க அம்மாவா இருந்தா?"

மூவரும் கிளிப்பச்சைச் சேலையைத் திரும்பிப் பார்த்தோம்.

முயல் தாய் குட்டிகளோடு கூடவே இருப்பதில்லை. கூட இருந்தால் அதன் வாசம் நரியைக் கூட்டி வந்துவிடும். பகலெல்லாம் எங்கோ படுத்திருந்து, பொழுது சாயும்போது வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். நாளுக்கு ஒரு வேளைதான் பால். அந்த ஒரு வேளைக்குத்தான் நேற்று அது வந்திருக்கிறது. நாங்கள் கல் வைத்து அடைத்திருக்கிறோம். நான் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

"மொத்தம் இரண்டு. இரண்டும் இங்கேயே இருக்கட்டும்" என்று குட்டியைப் புல்லிலேயே விடச் சொன்னேன். குப்பம்மா விட்டாள். அது மற்றதன் பக்கத்தில் போய்க் கல் ஆகிவிட்டது.

"அப்ப வேலிய அவுக்கணும்ன்றீங்க" என்றாள் குப்பம்மா. குரல் மாறியிருந்தது. "இன்னும் பத்து நாள்ல புடுங்கற மல்லாட்ட. ஒரு சீல தெறந்திருந்தா போதும், பன்னி வந்துரும். அந்த மொசலும் ஒண்ணும் பாவமில்ல. கொழுந்தெல்லாம் கடிச்சி வெச்சிகீது. எனக்கு இந்தக் கொல்லதான் இந்த வருசத்துக்கு."

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கு இரண்டு பக்கமும் கவலை வந்துவிட்டது.

கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. பன்றி இருட்டிய பிறகுதான் இறங்கும். முயல் வெளிச்சம் இருக்கும்போதே வரும். பொழுது சாயும்போது ஒரு சேலையின் கீழ்ப்பக்கத்தைச் சுருட்டி விடுவது, இருட்டுவதற்குள் இறக்கிக் கல் வைத்துவிடுவது. எந்தச் சேலை? வீட்டுப் பக்கத்து மூலைச் சேலை. பன்றி வந்தால் நமக்கு உடனே தெரியும், காட்டிலிருந்தும் தூரம்.

அன்று மாலை நானே போய் மூலைச் சேலையைச் சுருட்டி, விழாமல் முடிச்சுப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். முயல் வந்தது. நேரே கிளிப்பச்சைக்குத்தான் வந்தது. எழுந்து நின்றது. இடப்பக்கம் கொஞ்சம் ஓடியது, திரும்பியது. திறப்பு இருந்த மூலைக்கு வரவே இல்லை. கொல்லையைச் சுற்றி வந்தால் தெரிந்திருக்கும். அது சுற்றவில்லை. இருட்டியது. குப்பம்மா தானே போய் மூலையை மூடிவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போனாள்.

கீழ்ப்பக்கம்

காலையில் குட்டிகளைப் போய்ப் பார்த்தேன். தொடவில்லை. இரண்டின் வயிறும் ஒட்டியிருந்தது. ஒன்று மல்லாட்டை இலையைக் கவ்வியிருந்தது, தின்னத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தது.

நாங்கள் எங்களுக்கு வசதியான இடத்தில் வாசல் வைத்திருந்தோம். முயல் தினமும் வருகிற தடம் ஒன்று இருக்கிறது. அந்தத் தடம் கிளிப்பச்சைக்கு அடியில் போகிறது. திறந்தால் அதைத்தான் திறக்க வேண்டும். ஆனால் பன்றி வருவதும் அந்தப் பக்கம்தான்.

குப்பம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று காப்பி ஆறும் வரை யோசித்தேன். சரோஜா போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னாள்?"

"சாணி தட்டிக்கிட்டே கேட்டா."

மாலையில் பார்க்கிறேன், குப்பம்மா கிளிப்பச்சைக்குப் பக்கத்தில் குனிந்து கற்களை எடுத்து ஓரம் வைத்துக்கொண்டிருந்தாள். கீழ் வரிசையை அவிழ்த்தாள். மேல் சேலையை முழங்கால் உயரத்துக்குச் சுருட்டிக் கட்டினாள். பிறகு ஒரு தகரத் தட்டும் கரண்டியுமாக எங்கள் வீட்டுக்குள் வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"பன்னி வந்தா தட்டுவேன். மொசலு ஓடுனாலும் நான் ஒண்ணும் பண்ண முடியாது, சொல்லிட்டேன் கம்பவுண்டரே."

"சரிம்மா."

"இருட்டு கட்டுனா எறக்கிடுவேன்."

"சரிம்மா."

முயல் வரவில்லை. வழக்கமாக வருகிற வெளிச்சம் போய், செடியும் கல்லும் ஒரே நிறமாகிக்கொண்டிருந்தது. ஒரு மயில் எங்கோ கத்தியது. சரோஜாவின் முட்டிக்குத் தேய்த்துவிட்ட தைலத்தின் வாசம் என் கையிலிருந்து காற்றில் போய்விடுமோ என்று கையை வேட்டியில் துடைத்தேன்.

"இந்நேரத்துக்கு எங்க வூட்டுக்காரரு போன் பண்ணுவாரு" என்றாள் குப்பம்மா. "மல்லாட்ட எப்டி கீதுன்னு கேப்பாரு. மொசலுக்காவத் தொறந்து வெச்சிகீறேன்னா இன்னா சொல்வாரு?"

"சிக்னல் இல்லன்னு சொல்லிடு" என்றாள் சரோஜா.

குப்பம்மா சிரிக்கவில்லை. எழுந்தாள். "போதும்க்கா. நான் எறக்கறேன்" என்று வாசலைத் தாண்டிவிட்டாள்.

நான் அப்போது கீழ்ப்பக்கத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக ஒரு தடவை கல் குவியலைப் பார்த்தேன். குவியலுக்குப் பக்கத்தில், முன்பு இல்லாத இரண்டு நீளக் காதுகள் நின்றுகொண்டிருந்தன. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அது உள்ளே வந்துவிட்டிருக்கிறது.

சத்தம் போடாமல் சரோஜாவின் தோளைத் தட்டினேன். அவள் முட்டிவலியை மறந்து ஓடிப்போய்க் குப்பம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள்.

தாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. புல்லிலிருந்து ஒரு குட்டி வந்து அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்தது. இன்னொன்று வந்து முதலாவதன் மேல் ஏறி விழுந்து தானும் புகுந்தது. ஒன்று, இரண்டு. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

தாய் இன்னும் காதைத் திருப்பித் திருப்பி எதையோ எதிர்பார்த்தது.

கொல்லையின் இந்தப் பக்கத்தில், நேற்று நான் நின்று சேலை சுருட்டிய மூலைக்குப் பக்கத்திலேயே, ஒரு செடி ஆடியது. அடியிலிருந்து மூன்றாவது ஒன்று புறப்பட்டது. பாத்தியின் மேல் தாவியது, விழுந்தது, எழுந்தது, நேராக ஓடாமல் கோணல் மாணலாக ஓடிக் குவியலுக்குப் போய்ச் சேர்ந்தது. தாய் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

குட்டிகள் ஒரே இடத்தில் படுத்தால் ஒரே நரிக்கு மொத்தமும் போய்விடும் என்று பிரிந்து பிரிந்து படுக்கும், பால் நேரத்துக்கு மட்டும் ஒன்று சேரும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் இரண்டோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தேன்.

ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. தாய் எழுந்தது. குட்டிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் இழுபட்டு விழுந்தன. அது மூன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. செடி வரிசைக்கு நடுவே போய், கிளிப்பச்சைக்கு அடியில் குனிந்து, காட்டுக்குள் போய்விட்டது. மூன்று குட்டிகளும் மூன்று பக்கம் கலைந்தன.

குப்பம்மா இறங்கிப் போனாள். சேலையை இறக்கி, கீழ் வரிசையைக் கட்டி, கற்களை ஒவ்வொன்றாக வைத்தாள். அதற்குள் முக்கால் இருட்டு. திரும்பி வந்து தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டுன்னுதான சொன்னீங்க" என்றாள் என்னிடம்.

"ஆமாம்மா. தப்பாக எண்ணிவிட்டேன்."

வாசற்படியில் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தாள். கொஞ்சம் நின்றாள்.

"நாளைக்குச் செத்த முன்னாடியே அவுத்து வுட்டுடறேன். மூணு குடிக்கணுமே."